‘ஹார்ம்’ என்பதற்குத் தமிழில் எந்தச் சொல்: தீங்கா, கேடா, பாதிப்பா?

தாழம்பூ (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான்கு பக்கக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வயலில் பூச்சிக்கொல்லி தெளிப்பவர்களுக்கான பாதுகாப்புக் குறிப்புகள். ஆங்கில மூலத்தில் ‘ஹார்ம்’, ‘ஹார்ம்ஃபுல்’ என்ற சொற்கள் 11 இடங்களில் வருகின்றன. முதல் வரைவில் 11 இடங்களிலும் ‘பாதிப்பு’ என்றே எழுதிவிட்டேன். முடித்துவிட்டு ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன்.

“மனிதர்களுக்குப் பாதிப்பு ஏற்படலாம். கால்நடைகளுக்குப் பாதிப்பு ஏற்படலாம். நீர்நிலைகளுக்குப் பாதிப்பு ஏற்படலாம்.”

வானொலியில் ‘ஓரிரு இடங்களில் மழை பெய்யலாம்’ என்று வாசிப்பதைப் போல இருந்தது. படிக்கிறவர் பதற வேண்டாம். ஆனால் தெளிப்பானைத் தோளில் மாட்டுவதற்கு முன்பு ஒரு நொடி நிற்கவாவது வேண்டாமா?

அகராதியைத் திறந்தால் தீங்கு, தீமை, கேடு, கெடுதல், ஊறு, சேதம், நட்டம், பழுது, இன்னா என்று கொட்டுகிறது. இவற்றுக்குள் என்ன வேறுபாடு? எதை எங்கே வைப்பது? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சுவடி

தாழம்பூ அம்மா, வாய்விட்டுப் படித்தீர்களே, அதுவே பாதி வேலை. நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

‘கெடு’ என்ற வினையின் முதலெழுத்து நீண்டு ‘கேடு’ பிறந்தது. சுடு சூடானதும் படு பாடானதும் இந்த வழியில்தான். இலக்கணத்தில் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பார்கள். கெடு இரண்டு விதமாக நடக்கும். பால் கெட்டது என்றால் அது தானாக நடந்தது. ஊரைக் கெடுத்தான் என்றால் ஒருவன் செய்தது. ‘கேடு’ பெரும்பாலும் முதல் வகையைச் சார்ந்தே நிற்கிறது. முறைகேடு, சீர்கேடு, மானக்கேடு, மதிகேடு என்று அடுக்கிப் பாருங்கள். முன்பு நன்றாக இருந்த ஒன்று தன் நிலை இழந்து போயிருக்கும். ‘கேடில் விழுச்செல்வம் கல்வி’ என்று வள்ளுவர் சொல்லும்போதும் அழிவில்லாத செல்வம் என்றுதான் பொருள்.

தீங்கு வேறு வகை. தீங்கு இழைத்தான், தீங்கு செய்தான், தீங்கு நினைத்தான் என்கிறோம். தீங்கு என்ற சொல் காதில் விழுந்தவுடன் மனம் அதைச் செய்த ஆளைத் தேடும். ஆகவே, செய்பவன் இருந்தால் தீங்கு. விளைந்த நிலையைச் சொன்னால் கேடு. என் கருத்து இதுதான்.

---

பனங்கூடல்

சுவடி ஐயா சொன்னதில் பாதியை ஏற்கிறேன். நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எனக்கும் தொழில் மொழிபெயர்ப்புத்தான்.

‘கெடுவான் கேடு நினைப்பான்’ என்ற பழமொழியில் கேட்டுக்கு ஆள் இருக்கிறானே? நினைப்பவன் ஒருவன், அவன் நினைப்பது கேடு. மறுபக்கம், ‘தீங்கின்றி நாடெல்லாம் திங்கள் மும்மாரி பெய்து’ என்று ஆண்டாள் திருப்பாவையில் பாடுகிறாள். அங்கே தீங்கு செய்பவர் யாரும் இல்லை. வெள்ளமோ வறட்சியோ இல்லாமல் மழை பெய்யட்டும் என்கிறாள். ஆகவே கோட்டுக்கு இந்தப் பக்கம் தீங்கு, அந்தப் பக்கம் கேடு என்று பிரிக்க முடியாது.

தாழம்பூ அக்காவின் வரியில் பிழை வேறிடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். ‘பாதிப்பு’ என்ற பெயர்ச்சொல்லை விட அதற்குப் பின்னால் நிற்கும் ‘ஏற்படலாம்’தான் எனக்கு உறுத்துகிறது. அந்த வினையில் செய்பவன் இல்லை, செயப்படுபொருளும் இல்லை. எங்கிருந்தோ வந்து ஏற்பட்டுவிட்டுப் போகிறது. அந்த இடத்தில் ‘தீங்கு ஏற்படலாம்’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். அப்போதும் அதே சோர்வுதான்.

---

சுவடி

பனங்கூடல் தம்பி சொல்வது சரி. திருப்பாவை வரி என் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அதே திருப்பாவையில் கம்சனைப் பற்றி ‘தான் தீங்கு நினைந்த’ என்றும் வருகிறது. ஒரே நூலில் ஆளில்லாத தீங்கும் உண்டு, ஆளுள்ள தீங்கும் உண்டு. நான் கிழித்த கோட்டை அழித்துவிடுகிறேன்.

ஆனால் ‘இன்னா’வைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. இனிமையில் உள்ள ‘இன்’ தான் இதற்கும் அடி. இனியது அல்லாதது இன்னா. வள்ளுவர் 32ஆம் அதிகாரத்துக்கு ‘தீங்கு செய்யாமை’ என்றோ ‘கேடு சூழாமை’ என்றோ பெயர் வைத்திருக்கலாம். ‘இன்னாசெய்யாமை’ என்று வைத்தார். ‘இன்னா எனத்தான் உணர்ந்தவை துன்னாமை வேண்டும் பிறன்கண் செயல்’ என்பது 316ஆவது குறள். உனக்கு எது துன்பமாக இருந்தது என்பது உனக்குத் தெரியும்; அதைப் பிறருக்குச் செய்யாதே. அளவுகோல் பட்டவனின் உடம்பில் இருக்கிறது. செய்தவனுக்கு அது சிறிதா பெரிதா என்ற கேள்வியே அங்கு எழவில்லை.

வழக்கொழிந்த சொல் என்பதால் கையேட்டில் வைக்க முடியாது. அதற்குள் இருக்கும் பார்வையை வைக்கலாம்.

---

பனங்கூடல்

ஐயா, இதைப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. ஆங்கிலத்தின் ‘ஹார்ம்’ பழைய ஆங்கிலத்தில் ‘ஹெயார்ம்’ என்று இருந்தது. காயம், கெடுதல் என்ற பொருள்களோடு துயரம் என்ற பொருளும் அதற்கு அப்போது இருந்தது. அதன் உடன்பிறப்பான ஜெர்மன் ‘ஹார்ம்’ இன்றும் மனத்துயரத்தைத்தான் குறிக்கும். ஆங்கிலத்தில் மட்டும் துயரம் கழன்று விழுந்து சேதம் எஞ்சியிருக்கிறது. இன்னாவின் அருகில் அதை வைத்துப் பார்க்கலாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். இங்கே இலங்கையில் பூச்சிக்கொல்லிக்கு அரச ஆவணங்களில் ‘பீடைநாசினி’ என்று எழுதுகிறோம். பயிரைத் தாக்கும் பூச்சி, பூஞ்சை எல்லாம் பீடை. தமிழ்நாட்டில் ‘பீடை பிடித்தது’ என்றால் கெட்ட காலம், அல்லவா? மூலமான வடமொழிச் சொல்லுக்கு வலி, துன்பம் என்று பொருள். ‘அனர்த்தம்’ என்பதும் அப்படித்தான். எங்களுக்கு அது அரச நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கிறது: அனர்த்த முகாமைத்துவ நிலையம். உங்களுக்கு அது பேரிடர் மேலாண்மை. ஆகவே அக்கா, உங்கள் கையேடு எந்த ஊருக்குப் போகிறது என்பதையும் சொல்லுங்கள்.

---

தாழம்பூ

டெல்டா மாவட்டங்களுக்கு. நெல், உளுந்து, பருத்தி போடுகிறவர்களுக்கு.

---

வழக்குரை

சட்டத்தில் இந்தச் சொல் என்ன பாடு படுகிறது என்று சொல்கிறேன், பயன்படலாம்.

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 44ஆம் பிரிவில் ‘இன்ஜுரி’ என்பதை விளக்கியது: ஒருவரின் உடல், மனம், நற்பெயர், சொத்து ஆகியவற்றுக்குச் சட்டவிரோதமாக விளைவிக்கப்படும் எந்த ‘ஹார்ம்’ ஆனாலும் அது. 319ஆம் பிரிவு ‘ஹர்ட்’ என்பதை உடல்வலி, நோய், உடல் தளர்ச்சி என்று விளக்கியது. தமிழில் காயம் என்றும், அதன் கடுமையான வகையைக் கொடுங்காயம் என்றும் எழுதுகிறோம். எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் ‘ஹார்ம்’ என்ற சொல்லுக்கு மட்டும் சட்டம் விளக்கமே தரவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது அப்படியே தொடர்கிறது.

சுவையான பிரிவு பழைய 95, புதியதில் 33. சாதாரண அறிவும் மனநிலையும் உள்ள யாரும் முறையிடாத அளவுக்கு அற்பமான தீங்கு என்றால் அது குற்றமாகாது. 1966இல் உச்ச நீதிமன்றத்துக்கு இது வந்தது. ஒரு தகராறில் வீசப்பட்ட காகிதக் கோப்பு ஒருவரின் முழங்கையில் பட்டுச் சிராய்த்தது. சிராய்ப்பு ‘ஹார்ம்’ என்பதில் அடங்குமா? அடங்கும், அந்தச் சொல் உடற்காயத்தையும் உள்ளடக்கும் அளவுக்கு விரிந்தது என்றது நீதிமன்றம். அடங்கினாலும் அற்பமானது என்று சொல்லி அந்த விலக்கையும் கொடுத்தது.

நான் சொல்ல வருவது: சட்டத்துக்கு விரிந்த சொல் வேண்டும். முழங்கைச் சிராய்ப்பு முதல் உயிரிழப்பு வரை ஒரே வார்த்தைக்குள் வர வேண்டும். அதனால் சட்டத் தமிழுக்குத் ‘தீங்கு’ பொருந்துகிறது. ஒருவர் இழைத்த தீங்குக்கு இழப்பீடு கோரும் சட்டப்பகுதியான ‘டார்ட்’ என்பதையும் தீங்கியல் என்கிறோம். உங்கள் கையேட்டுக்கு நேர்மாறான தேவை. படிப்பவருக்கு எது, எவ்வளவு என்று தெரிய வேண்டும். விரிந்த சொல் உங்களுக்கு எதிரி.

---

ஆய்வுக்கூடம்

வழக்குரை சொன்ன கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறேன். ரசாயனப் பொருள்களின் எச்சரிக்கைச் சீட்டுகளில் ‘ஹார்ம்ஃபுல்’ என்பது பொதுச்சொல் கிடையாது, ஒரு படிநிலை. உலக அளவில் ஒத்துக்கொள்ளப்பட்ட முறையில் விழுங்கினால் என்ன ஆகும் என்பதற்கு மூன்று சொற்கள் உண்டு. மிகக் கொடியவற்றுக்கு ‘ஃபேட்டல்’, அதற்கு அடுத்து ‘டாக்சிக்’, அதற்கும் கீழே ‘ஹார்ம்ஃபுல்’. முதல் இரண்டுக்கும் மண்டை ஓட்டுப் படம் உண்டு. மூன்றாவதற்கு வெறும் ஆச்சரியக்குறிதான். ஆகவே உங்கள் மூலத்தில் ‘ஹார்ம்ஃபுல்’ எங்கே படிநிலையாக வருகிறது, எங்கே பொதுப்பேச்சாக வருகிறது என்று முதலில் பிரியுங்கள். படிநிலையாக வரும் இடத்தில் ‘உயிருக்குக் கேடு’ என்று போட்டால் இரண்டு படி ஏற்றிவிடுவீர்கள்.

இந்தியாவில் டப்பாவில் முக்கோணமும் இருக்கும். சிவப்பு கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, பிறகு நீலம், கடைசியில் பச்சை. சிவப்பிலும் மஞ்சளிலும் நஞ்சு என்ற சொல்லே இருக்கும்; நீலத்தில் அபாயம்; பச்சையில் எச்சரிக்கை. பச்சை என்பதால் பாதுகாப்பானது என்று பொருள் கிடையாது. அதைக் கையேட்டில் தனியாக எழுதுங்கள்.

---

வெண்ணாற்றங்கரை

இந்த இழையில் எழுத வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் மொழி படித்தவனல்ல. அப்பா விவசாயி, எனக்கு வேலை வெளியூரில்.

எங்கள் ஊரில் யாரும் பூச்சிக்கொல்லி என்று சொல்ல மாட்டார்கள். மருந்து என்றுதான் சொல்வார்கள். ‘மருந்து அடித்தாயிற்றா?’, ‘நாளைக்கு மருந்து அடிக்க ஆள் வருகிறது’, ‘மருந்துக்கடையில் பாக்கி இருக்கிறது’. தலைவலிக்குப் போடுவதும் மருந்து, குருத்துப்பூச்சிக்கு அடிப்பதும் மருந்து.

போன சம்பாவில் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா வரப்பில் குந்தி, வாளித் தண்ணீரில் மருந்தை ஊற்றி, ஒரு குச்சியை ஒடித்துக் கலக்கினார். குச்சி கட்டையாக இருந்ததால் அடியில் தங்கியதைக் கையை விட்டே கலக்கினார். முழங்கை வரை வெள்ளையாகப் படிந்திருந்தது. நான் கத்திவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, “மருந்துதானே?” என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். கையை வாய்க்காலில் அலம்பினார். பிறகு வேட்டியில் துடைத்துக்கொண்டு வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தார்.

டப்பாவோடு வந்த தாளை நான் எடுத்துப் பார்த்தேன். பல மொழிகளில் பொடி எழுத்து. தமிழ்ப் பகுதியில் தாழம்பூ அம்மா எழுதியதைப் போலவேதான் இருந்தது: பாதிப்பு ஏற்படலாம். டப்பாவில் பச்சை முக்கோணம். “பச்சை போட்டிருக்கிறான், பயிருக்கு நல்லது” என்று அப்பா நம்பிக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் அவர் தினமும் செய்தித்தாள் முழுதும் படிக்கிறவர்.

அதனால் நான் கேட்பது இது. ‘ஹார்ம்’ என்பதற்கு எந்தச் சொல் என்று தேடுவதற்கு முன்னால், ‘மருந்து’ என்ற சொல்லை என்ன செய்யப்போகிறீர்கள்? அந்தச் சொல் கையேட்டில் இருக்கிற வரை தீங்கு என்று எழுதினாலும் கேடு என்று எழுதினாலும் அப்பா காதில் ஏறாது.

---

இரவுப்பணி

வெண்ணாற்றங்கரைத் தம்பி சொல்வதை மருத்துவமனை வாசலில் தினம் கேட்கிறேன். நான் செவிலியர்.

நள்ளிரவில் ஆட்டோவில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். உடம்பெல்லாம் வியர்வை, வாயில் எச்சில் வழிகிறது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது. உடன் வந்தவர்களைக் கேட்டால், “மருந்து பட்டுவிட்டது” என்பார்கள். எந்த மருந்து என்று கேட்டால், “வயலுக்கு அடிக்கிற மருந்து”. டப்பாவைக் கொண்டுவந்தீர்களா என்றால் யாரிடமும் இருக்காது. பெயர் தெரிந்தால் எங்களுக்கு எவ்வளவோ நேரம் மிச்சமாகும். தாழம்பூ, ‘டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்’ என்ற வரி உங்கள் கையேட்டில் இல்லையென்றால் எப்படியாவது சேர்த்துவிடுங்கள்.

சொல்லைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வார்டில் யாரும் தீங்கு என்றோ பாதிப்பு என்றோ கேட்பதில்லை. ‘இந்த மாத்திரை உடம்புக்குக் கெடுதலா?’ என்றுதான் கேட்கிறார்கள். பாட்டி முதல் பள்ளிப்பிள்ளை வரை கெடுதல் என்ற சொல்லே நாவில் இருக்கிறது.

ஆனாலும் ‘பாதிப்பு’க்காக ஒரு வார்த்தை பேசுவேன். என்ன காரணம், யார் காரணம் என்று தெரியாத நிலையில் எங்களுக்கு அது உதவுகிறது. ‘சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது’ என்று சொல்லலாம்; யார்மீதும் பழி விழாது. ‘சிறுநீரகம் கெட்டுவிட்டது’ என்று சொன்னால் அந்த வீட்டில் அன்றைக்கே ஒப்பாரி. எங்கே மென்மை வேண்டுமோ அங்கே அது நல்ல சொல். எச்சரிக்கையில் மென்மை எதற்கு?

---

வழக்குரை

காலி டப்பா பற்றியும் எழுதுங்கள். 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. பூச்சிக்கொல்லி இருந்த கலத்தில் எண்ணெயை வைத்ததுதான் காரணம். அந்தக் கலம் பார்ப்பதற்கு வெறும் டப்பாவாகத்தான் இருந்திருக்கும்.

---

தாழம்பூ

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு முழுவதும் உட்கார்ந்து திரும்ப எழுதினேன். 11 இடங்களில் 10 இடங்களில் பாதிப்பு போய்விட்டது. நீண்டகால விளைவுகளைப் பற்றிய ஒரே வரியில் மட்டும் விட்டிருக்கிறேன். இரவுப்பணி அக்கா சொன்ன காரணத்துக்காக.

சில வரிகளை இங்கே வைக்கிறேன், அடித்துத் திருத்துங்கள்.

முன்பு: “தோலில் படுவதால் பாதிப்பு ஏற்படலாம்.”
இப்போது: “இந்த நஞ்சு தோல் வழியாகவும் உடம்புக்குள் இறங்கும். கையை விட்டுக் கலக்காதீர்கள்.”

முன்பு: “தெளிக்கும்போது உண்பது உடல்நலத்துக்குப் பாதிப்பை ஏற்படுத்தும்.”
இப்போது: “சோப்புப் போட்டுக் கை கழுவும்வரை சோறு, வெற்றிலை, பீடி எதையும் தொடாதீர்கள். கையில் ஒட்டியிருக்கும் நஞ்சு வாய்க்குள் போகும்.”

முன்பு: “காலிக் கலன்களின் மறுபயன்பாடு பாதிப்பை விளைவிக்கும்.”
இப்போது: “காலி டப்பாவிலும் நஞ்சு ஒட்டியிருக்கும். எண்ணெய், தண்ணீர், தீவனம் எதையும் அதில் வைக்காதீர்கள்.”

முன்பு: “நீர்நிலைகளுக்குப் பாதிப்பு ஏற்படலாம்.”
இப்போது: “தெளிப்பான் கழுவிய தண்ணீரை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். மீனுக்கும் மாட்டுக்கும் தீங்கு செய்யும்.”

ஆய்வுக்கூடம் சொன்ன மூன்று படிகளுக்கு ‘உயிரைக் கொல்லும்’, ‘கடும் நஞ்சு’, ‘உடம்புக்குக் கெடுதல்’ என்று வைத்திருக்கிறேன். தலைப்பில் மருந்து என்ற சொல்லை எடுத்துவிட்டுப் ‘பூச்சிக்கொல்லி’ என்று போட்டேன். ஆனால் முதல் வரியிலேயே, ‘நாம் மருந்து என்று சொல்வது நஞ்சு’ என்று எழுதியிருக்கிறேன். மருந்து என்ற சொல்லை அடியோடு விட்டுவிட்டால், இது வேறு எதையோ பற்றிய தாள் என்று தூக்கிப் போட்டுவிடுவார்களோ என்ற அச்சம்.

---

சுவடி

‘நாம் மருந்து என்று சொல்வது நஞ்சு.’ இதில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாதீர்கள் அம்மா.

---

ஆய்வுக்கூடம்

‘கடும் நஞ்சு’ இரண்டாம் படிக்குச் சரி. மூன்றாம் படியில் ‘உடம்புக்குக் கெடுதல்’ என்பது எண்ணெய்ப் பலகாரத்துக்குச் சொல்வது போலத் தணிந்து ஒலிக்கிறதே? ‘விழுங்கினால் உடம்பைக் கெடுக்கும்’ என்று வினையாக மாற்றினால் கொஞ்சம் உறைக்கும்.

---

பனங்கூடல்

ஆம். சுவடி ஐயா முதலில் சொன்ன இரண்டாவது கெடு. கெடும் என்றால் தானாக, கெடுக்கும் என்றால் அந்த டப்பாவில் இருப்பது செய்கிறது.

---

தாழம்பூ

மாற்றிவிட்டேன். வெண்ணாற்றங்கரைத் தம்பி, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அப்பாவிடம் இந்த வரிகளைப் படித்துக் காட்ட முடியுமா?

---

வெண்ணாற்றங்கரை

தொலைபேசியில் படித்தேன் அம்மா. மெதுவாக, வரி வரியாக.

முதல் வரிக்கு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை; இணைப்பு துண்டித்துவிட்டதோ என்று நினைத்தேன். வெற்றிலை என்று வந்த இடத்தில், “நீ சொல்லி எழுதச் சொன்னாயா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வாய்க்கால் வரியில்தான் நிறுத்தினார். “மீனுக்குத் தீங்கு செய்யும் என்றால் என்ன? மீன் செத்து மிதக்கும் என்று எழுதச் சொல். நான் பார்த்திருக்கிறேன்” என்றார்.

---

தாழம்பூ

“தெளிப்பான் கழுவிய தண்ணீரை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். மீன் செத்து மிதக்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்கும் மாடும் சாகலாம்.”

இப்படியே அச்சுக்கு அனுப்புகிறேன். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், தம்பி.